ஒரே குவெரி: ஒரு கிளைக்குக் கண்ணிமைக்கும் நேரம், இன்னொரு கிளைக்கு முக்கால் நிமிடம். ஏன்?

#1 பொதிவண்டி

வணக்கம். பார்சல் நிறுவனம் ஒன்றின் செயலியைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். செயலி ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 15. கிளை அலுவலகத்தில் இருப்பவர் காலையில் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்கும் திரையில், இன்னும் ஒப்படைக்கப்படாத பார்சல்களில் கடைசி 20 வர வேண்டும். அதற்கான குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) கீழே. படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

செலக்ட் * ஃப்ரம் பார்சல்கள்
வேர் கிளை_எண் = 212 அண்ட் நிலை = 'நிலுவை'
ஆர்டர் பை பார்சல்_எண் டெஸ்க் லிமிட் 20

பெரும்பாலான கிளைகளுக்கு இது சில மில்லிநொடிகளில் முடிகிறது. 212 போன்ற சில கிளைகளுக்கு மட்டும் 45 நொடிக்கு மேல் இழுக்கிறது. டேபிளில் சுமார் 1.83 கோடி பதிவுகள். பார்சல்_எண் முதன்மைச் சாவி. கிளை_எண் மீது தனியாக ஒரு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) உண்டு. டேபிளைத் துப்புரவாக்கும் வாக்யூம், புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் இரண்டையும் இயக்கியும் மாற்றமில்லை.

சர்வரின் மெமரியை இரட்டிப்பாக்கிவிடலாம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் காரணம் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். நாள் முழுவதும் பார்சல் வந்து குவியும் பெரிய கிளைக்கு உடனே வருகிறது. நிலுவை ஏறக்குறைய இல்லாத சிறிய கிளைக்குத்தான் தாமதம். தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

#2 அலைவரிசை

முதல் திரை என்றால் ரெடிஸில் (விடைகளை மெமரியில் தற்காலிகமாக வைக்கும் கருவி) வைத்துவிடுங்கள். கிளைக்கு ஒரு சாவி, ஐந்து நிமிட ஆயுள். தரவுத்தளத்தைத் தொட வேண்டிய அவசியமே இராது. நாங்கள் இப்படித்தான் செய்கிறோம், வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வந்ததில்லை.

#3 கல்வெட்டு

பொதிவண்டி, எதையும் மாற்றுவதற்கு முன் பிளானை, அதாவது குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று தரவுத்தளத்தின் பிளானர் போட்ட திட்டத்தைக் காட்டுங்கள். அதைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளை மட்டும் போதாது. அது பிளானரின் கணிப்பை மட்டுமே சொல்லும். எக்ஸ்பிளெய்ன் உடன் அனலைஸ், பஃபர்ஸ் இரண்டையும் சேர்த்து இயக்குங்கள். கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் தெரியும். போஸ்ட்கிரெஸ் 18இல் அனலைஸ் போட்டாலே பஃபர் விவரமும் வந்துவிடும். 15இல் நீங்களே கேட்க வேண்டும்.

இதைப் படிக்கும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எக்ஸ்பிளெய்னோடு அனலைஸ் போட்டால் குவெரி உண்மையிலேயே ஓடும். செலக்ட் என்றால் கவலையில்லை. அப்டேட், டெலீட் ஆகியவற்றைப் பிகின் போட்டுத் தொடங்கி, பார்த்து முடித்ததும் ரோல்பேக் செய்து மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

#4 பொதிவண்டி

212க்கு வந்தது இது. செலவு எண்களை நீக்கிவிட்டு முக்கியமானதை மட்டும் தருகிறேன்.

லிமிட் (எதிர்பார்த்த பதிவுகள் 20, கிடைத்தவை 7)
→ இண்டெக்ஸ் ஸ்கேன் பேக்வர்ட், முதன்மைச் சாவி (எதிர்பார்த்தவை 9,200, கிடைத்தவை 7)
ஃபில்டர்: கிளை_எண் = 212, நிலை = 'நிலுவை'
ஃபில்டரால் கழிக்கப்பட்டவை: 1,83,41,906
பஃபர்கள்: டிஸ்க்கிலிருந்து படித்தவை 4,12,000
மொத்த நேரம்: 48 நொடி

பரபரப்பான கிளைக்கும் இதே பிளான்தான் வருகிறது. அங்கே ஃபில்டரால் கழிக்கப்பட்டவை வெறும் ஆயிரத்துச் சொச்சம்.

#5 கல்வெட்டு

நீங்கள் தேடிய விடை இந்த ஐந்தாறு வரிகளில் முழுமையாக இருக்கிறது. நிதானமாகப் படிப்போம்.

எதிர்பார்த்தவை 9,200, கிடைத்தவை 7. இங்கிருந்து தொடங்குங்கள். கிளை 212, நிலுவை ஆகிய இரண்டும் பொருந்தும் பதிவுகள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கும் என்று பிளானர் கணித்தது. 1.83 கோடியில் 9,200 என்றால் ஏறக்குறைய 2,000 பதிவுக்கு ஒன்று. உங்களுக்கு வேண்டியது 20. ஆகவே கடைசிப் பார்சலிலிருந்து பின்னோக்கி நடந்தால் 40,000 பதிவுகளுக்குள் இருபதும் கிடைத்துவிடும், வரிசைப்படுத்தும் வேலையும் மிச்சம் என்பது அதன் கணக்கு. கிளை_எண் இண்டெக்ஸ் வழியாகப் போனால் அந்தக் கிளையின் பதிவுகள் அனைத்தையும் எடுத்து, நிலுவையைப் பிரித்து, பிறகு வரிசைப்படுத்த வேண்டும். அதைவிடப் பின்னோக்கி நடப்பது மலிவு என்று முடிவெடுத்தது.

அந்தக் கிளையில் இருப்பதோ ஏழே ஏழு நிலுவைகள். இருபதாவது பதிவு எங்குமே இல்லை. இல்லாத பதிமூன்றைத் தேடிக்கொண்டு, கடைசிப் பார்சலிலிருந்து நிறுவனம் தொடங்கிய நாளின் முதல் பார்சல் வரை நடந்து முடித்திருக்கிறது. தடித்த பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி ஒரு குறிப்பிட்ட ஊர்க்காரர்கள் இருபது பேரைத் தேடுவது போலத்தான் இது. அந்த ஊர்க்காரர்கள் நிறைய இருந்தால் நான்கு பக்கத்தில் வேலை முடியும். ஏழு பேர் மட்டும் என்றால் முதல் பக்கம் வரை புரட்டித்தான் ஆக வேண்டும். பெரிய கிளை வேகமாகவும் சிறிய கிளை மெதுவாகவும் வருவதன் காரணம் இதுவே.

போஸ்ட்கிரெஸ் தரவைப் பக்கம் பக்கமாகச் சேமிக்கிறது, ஒரு பக்கம் 8 கேபி. பஃபர்கள் வரியில் நீங்கள் காட்டிய 4,12,000 பக்கங்கள் என்றால் மூன்று ஜிபிக்கு மேல். ஒரு சிறிய கிளைக்காரர் திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று ஜிபி டிஸ்க்கிலிருந்து மேலேறுகிறது. இதில் இன்னொரு தீங்கும் உண்டு. பெரிய டேபிளை முழுமையாகப் படிக்கும் சீக்வென்ஷியல் ஸ்கேனுக்கு போஸ்ட்கிரெஸ் ஒரு சிறிய வட்டப் பஃபரை ஒதுக்கி, மற்றவர்களின் பக்கங்களை வெளியே தள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. இண்டெக்ஸ் ஸ்கேனுக்கு அந்தத் தடுப்பு கிடையாது. ஆகவே 212இன் திரை, மற்ற எல்லாக் கிளைகளுக்கும் மெமரியில் சூடாக இருந்த பக்கங்களையும் வெளியேற்றுகிறது. காலை நேரத்தில் மொத்தச் செயலியுமே தள்ளாடுவதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

#6 நூலேணி

கல்வெட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 9,200 என்ற எண் எப்படி வந்தது?

பிளானர் ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாகப் புள்ளிவிவரம் வைத்திருக்கிறது. கிளை 212க்கு மொத்தத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் பார்சல்கள் இருக்கும். மொத்த டேபிளில் நிலுவை நூற்றுக்கு 2.3 என்றால், இரண்டையும் பெருக்கினால் 9,200. இரண்டு நிபந்தனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டு பெருக்குவது பழைய வழக்கம். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் தரவுத்தளம் உருவானபோது, 1979இல் பெட்ரீஷியா செலிங்கரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தப் பெருக்கல் இருக்கிறது. இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

பொதிவண்டி, என் ஊகம் சரியா என்று சொல்லுங்கள். 212 ஒரு காலத்தில் பெரிய கிளையாக இருந்து, பிறகு அதன் வேலை வேறு கிளைக்கு மாறியிருக்க வேண்டும். பழைய பார்சல்கள் நான்கு லட்சம், எல்லாம் ஒப்படைக்கப்பட்டவை. புதிதாக வருவது மிகக் குறைவு. அங்கே கிளைக்கும் நிலைக்கும் உறவு இருக்கிறது, அதைப் பிளானர் அறியாது.

கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற கட்டளை போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து இருக்கிறது. இரண்டு புலங்களும் சேர்ந்து வரும் மதிப்புகளின் பட்டியலை 12இலிருந்து வைத்துக்கொள்ள முடியும். (கிளை_எண், நிலை) மீது அதை உருவாக்கி அனலைஸ் செய்தால் கணிப்பு சீராகும். கிளைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டார்கெட்டை (எவ்வளவு விரிவாகப் புள்ளிவிவரம் வைப்பது என்ற அளவு) இயல்பான 100இலிருந்து உயர்த்த வேண்டியிருக்கும்.

#7 பொதிவண்டி

உங்கள் ஊகம் அப்படியே சரி. 212 இரண்டாகப் பிரிக்கப்பட்ட கிளை. மெதுவாக இருக்கும் மற்ற கிளைகளின் பட்டியலையும் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே பிரிக்கப்பட்டவை அல்லது இடம் மாறியவை.

#8 அலைவரிசை

விளக்கம் அருமை. ஆனால் தீர்வு எளிது. ஆர்டர் பை பார்சல்_எண் + 0 என்று எழுதிவிடுங்கள். முதன்மைச் சாவி இண்டெக்ஸை வரிசைக்குப் பயன்படுத்த முடியாமல் போகும், பிளானர் கிளை_எண் இண்டெக்ஸுக்குத் திரும்பும். அதன் மேல் ரெடிஸ். ஒரு மணி நேர வேலை.

#9 கல்வெட்டு

அலைவரிசை, பூஜ்யத்தைக் கூட்டும் வழி வேலை செய்யும், மறுக்கவில்லை. நள்ளிரவில் செயலி நின்றுபோனால் நானும் அதைப் போட்டு விடியும்வரை தாக்குப்பிடிப்பேன். நிரந்தரமாக வைக்க மட்டும் மாட்டேன். அது இப்போது வேகமாக இருக்கும் பெரிய கிளைகளைக் கெடுக்கும். சில மில்லிநொடியில் முடியும் குவெரி, அந்தக் கிளையின் லட்சக்கணக்கான பார்சல்களை எடுத்து வரிசைப்படுத்தும் குவெரியாக மாறிவிடும். ஒரு பக்கத்து வலியை இன்னொரு பக்கத்துக்கு மாற்றியதாகவே முடியும்.

ரெடிஸைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் கழித்து அந்தச் சாவி காலாவதியானதும் யாரோ ஒருவர் 48 நொடி காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் ஐந்து பேர் திரையைத் திறந்தால் ஐந்து குவெரிகள் ஒரே மூன்று ஜிபியைத் தனித்தனியாகப் படிக்கும். மேலும், நிலுவைப் பட்டியல் என்பது வேலைப் பட்டியல். ஒப்படைத்த பார்சல் ஐந்து நிமிடம் பட்டியலிலேயே இருந்தால், ஊழியர் அதைத் தேடி அலமாரிக்குப் போவார். ரெடிஸ் போன்ற கேஷ் நல்ல கருவிதான். சரியாக ஓடும் குவெரியை ஆயிரம் பேர் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அதைக் கொண்டுவாருங்கள்.

நூலேணி சொன்ன புள்ளிவிவரம் பிளானரின் கண்ணைத் திறக்கும். ஆனால் கண் திறந்தாலும் நடக்க நல்ல வழி வேண்டும். ஏழு பதிவுகள்தான் என்று தெரிந்தபின் அது கிளை_எண் இண்டெக்ஸைப் பிடிக்கும். நான்கு லட்சம் பதிவுகளை எடுத்து 3,99,993ஐத் தூக்கி எறியும். 48 நொடி சில நொடியாகக் குறையும். அவ்வளவே.

வேண்டியது குவெரியின் வடிவத்துக்கே பொருந்தும் இண்டெக்ஸ்: (கிளை_எண், நிலை, பார்சல்_எண்). சமக்குறியால் கேட்கும் புலங்கள் முன்னால், வரிசைப்படுத்தும் புலம் பின்னால். இந்த வரிசைதான் உயிர். பி-ட்ரீ என்ற இண்டெக்ஸ் மரத்தில் கிளை 212, நிலுவை என்ற இடத்துக்கு நேராக இறங்கினால், அங்கே பார்சல்_எண் ஏற்கெனவே வரிசையில் இருக்கும். கடைசியிலிருந்து இருபது எடுத்தால் முடிந்தது. ஏழுதான் இருக்கிறது என்றால் எட்டாவதைத் தேடும்போதே எல்லை முடிந்துவிடும், மேலே நடக்காது. பெரிய கிளையோ சிறிய கிளையோ, கணிப்பு சரியோ தவறோ, செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கணிப்பு தவறினாலும் காப்பாற்றும் இண்டெக்ஸ்தான் நல்ல இண்டெக்ஸ் என்பது என் உறுதியான கருத்து.

(பார்சல்_எண், கிளை_எண், நிலை) என்று மாற்றி வைத்தால் பெயருக்கு மூன்று புலங்களும் இருக்கும், பழையபடி தொடக்கம் முதல் இறுதி வரை நடக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் "இண்டெக்ஸ் போட்டும் பயனில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் பொருத்தமானது பகுதி இண்டெக்ஸ்: (கிளை_எண், பார்சல்_எண்) வேர் நிலை = 'நிலுவை'. நூற்றுக்கு 2.3 பதிவுகள் மட்டும் அதில் இருக்கும். மிகச் சிறியது, எப்போதும் மெமரியிலேயே தங்கும். பார்சல் ஒப்படைக்கப்பட்டதும் அந்தப் பதிவின் புதிய வடிவம் இதில் இடம்பெறாது.

#10 நூலேணி

பகுதி இண்டெக்ஸுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. குவெரியில் நிலை = 'நிலுவை' என்ற மதிப்பு பிளானரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தயார் செய்து வைத்த ஸ்டேட்மென்ட்டில் மதிப்பு அளவுருவாகப் போய், ஐந்து முறைக்குப் பிறகு எல்லா மதிப்புக்கும் ஒரே பொதுப் பிளானுக்கு மாறிவிட்டால், அளவுருவுக்குள் என்ன வரும் என்று பிளானருக்குத் தெரியாது. பகுதி இண்டெக்ஸைத் தொடாது. முந்தின நாள் வரை வேகமாக இருந்தது திடீரென்று மெதுவாகும் புதிர்களில் இதுவும் ஒன்று. ஜாங்கோ இயல்பாக மதிப்புகளைத் தன் பக்கத்திலேயே குவெரியில் பொருத்தி அனுப்புகிறது, ஆகவே உங்களுக்குச் சிக்கல் வராது. ஜாவாவில் இருப்பவர்கள் கவனியுங்கள்.

எழுதும் செலவையும் சொல்லியாக வேண்டும். நிலை என்ற புலம் இதுவரை எந்த இண்டெக்ஸிலும் இல்லை என்றால், நிலையை மட்டும் மாற்றும் அப்டேட்டுகளுக்கு ஹாட் என்ற குறுக்குவழி கிடைத்துக்கொண்டிருந்தது. அதே பக்கத்தில் இடம் இருந்தால் எந்த இண்டெக்ஸையும் தொடாமல் வேலை முடியும். இப்போது நிலை ஒரு இண்டெக்ஸின் நிபந்தனையில் வருவதால் அந்தக் குறுக்குவழி போய்விடும். ஒவ்வொரு நிலை மாற்றமும் டேபிளின் மற்ற இண்டெக்ஸுகளிலும் புதிய பதிவை எழுதும். உங்கள் செயலியில் படிப்பதுதான் அதிகம் என்பதால் நான் இதை ஏற்றுக்கொள்வேன். இந்த விலை இருப்பது தெரிந்தே செய்யுங்கள்.

#11 உப்பளம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மைஎஸ்கியூஎல் 8. கிட்டத்தட்ட இதே திரை, இதே தொல்லை. இந்த ஆலோசனை எங்களுக்கும் பொருந்துமா?

#12 கல்வெட்டு

பொருந்தும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் டேபிளே முதன்மைச் சாவியின் வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸின் பதிவிலும் முதன்மைச் சாவி தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே (கிளை_எண், நிலை) என்று போட்டாலே போதும், அதற்குள் பார்சல்_எண் வரிசையில் இருக்கும். பகுதி இண்டெக்ஸ் அங்கே இல்லை.

லிமிட் உள்ள குவெரி வரிசைக்கான இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டு தவிப்பது அங்கேயும் பழைய நோய். அதனால்தான் 8.0.21இல் அதை அணைத்துவைக்க ப்ரிஃபர்_ஆர்டரிங்_இண்டெக்ஸ் என்ற அமைப்பைத் தந்தார்கள். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் 8.0.18இலிருந்து கிடைக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். தொலைபேசி எண்ணை எழுத்துப் புலமாக வைத்துவிட்டு, குவெரியில் மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாக அனுப்பினால் மைஎஸ்கியூஎல் அந்தப் புலத்தின் இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது. '098', '98', ' 98' எல்லாமே எண்ணாக மாற்றினால் 98 ஆகிவிடும் அல்லவா, எந்த இடத்தில் தேடுவது? ஒவ்வொரு பதிவையும் மாற்றித்தான் ஒப்பிடும்.

#13 பொதிவண்டி

பகுதி இண்டெக்ஸையே தேர்ந்தெடுத்தோம். எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்கியதால் முன்பதிவு எதுவும் நிற்கவில்லை. டேபிள் அமைப்பை மாற்றும் ஜாங்கோ மைக்ரேஷனில் அடாமிக் = ஃபால்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது, இந்த வழியில் இண்டெக்ஸ் உருவாக்குவது டிரான்சாக்ஷனுக்குள் நடக்காது. இதேபோல் செய்யப்போகிறவர்களுக்கு: இடையில் நின்றுபோனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சம் இருக்கும், படிப்பதற்குப் பயன்படாது, எழுதும்போது மட்டும் சுமை. அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

212இன் பிளானில் ஃபில்டர் வரியே இல்லை. கிடைத்தவை 7, தொட்ட பக்கங்கள் பத்துச் சொச்சம், நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. இதைப் பார்த்தபோது எங்கள் குழு முழுவதும் திரையைச் சுற்றிக் கூடிவிட்டது.

ஆனால் பரபரப்பான கிளைகளில் அந்தத் திரை இன்னும் மூன்று நொடிக்கு மேல் எடுக்கிறது. முன்பும் அப்படித்தான் இருந்ததாம், அவர்கள் பழகிவிட்டார்கள். குவெரி ஒரு மில்லிநொடி என்றால் மீதி நேரம் எங்கே போகிறது?

#14 நூலேணி

திரையில் ஒவ்வொரு பார்சலுக்கும் அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், கடைசியாக ஸ்கேன் செய்த இடம் ஆகியவற்றைக் காட்டுகிறீர்களா? செயலி சர்வரும் தரவுத்தள சர்வரும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

#15 பொதிவண்டி

மூன்றையும் காட்டுகிறோம். செயலி மும்பையில், தரவுத்தளம் சிங்கப்பூரில். போய்வர 55 மில்லிநொடி.

#16 நூலேணி

அப்படியானால் கணக்கைப் போட்டுவிடலாம். பட்டியலுக்கு ஒரு குவெரி. இருபது பார்சல்களுக்கும் அனுப்புநர், பெறுநர், ஸ்கேன் என்று மூன்று மூன்று. மொத்தம் 61. ஒன்றன்பின் ஒன்றாக 61 முறை சிங்கப்பூர் போய்வந்தால் 3.3 நொடிக்கு மேல். நிலுவை ஏழே உள்ள 212க்கு 22 முறைதான், அதனால் அங்கே உறுத்தவில்லை.

இது என் மனத்துக்கு நெருக்கமான பிரச்சினை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேபிள் பதிவுகளை நிரலின் பொருள்களாகக் காட்டும் ஓஆர்எம்மில் பார்சல்.அனுப்புநர்.பெயர் என்று எழுதுவது ஒரு மாறியைப் படிப்பது போலத் தெரிகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் கடல் தாண்டிய பயணம் ஒன்று இருப்பதை நிரல் காட்டுவதில்லை. அதுவும் டெம்ப்ளேட்டுக்குள் சுழற்சியில் எழுதினால், நிரலைச் சரிபார்ப்பவர் கண்ணிலும் படாது. உருவாக்குபவரின் கணினியில் தரவுத்தளமும் உள்ளேயே இருப்பதால் 61 குவெரியும் நொடியின் சிறு பகுதியில் ஓடிவிடும். சிங்கப்பூர் போனபின் அதே நிரல் பொறுமையைச் சோதிக்கும்.

தரவுத்தளத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் எளிதில் சிக்காது. ஓடிய குவெரிகளின் கணக்கை வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் காட்டும் நேரம் தரவுத்தளத்துக்குள் செலவான நேரம் மட்டுமே. வலைப்பின்னலில் போன நேரம் அதில் சேராது. இந்தச் சின்னக் குவெரிகள் ஒவ்வொன்றும் அரை மில்லிநொடிக்கும் குறைவாக, நல்ல பிள்ளைகளாக வரிசையில் நிற்கும். மெதுவான குவெரிகளின் பதிவிலும் வராது. ஆகவே சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள். எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற புலத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். திரை திறந்த எண்ணிக்கையைப்போல இருபது மடங்கில் ஒரு குவெரி நின்றால் அதுதான்.

ஜாங்கோவில் அனுப்புநர், பெறுநர் இரண்டுக்கும் செலக்ட்_ரிலேட்டட் போதும், ஒரே குவெரியில் ஜாயின் ஆகிவிடும். கடைசி ஸ்கேனுக்குப் ப்ரீஃபெட்ச் போட்டால் பார்சலின் எல்லா ஸ்கேன்களும் வந்துவிடும், வேண்டியதோ ஒன்று. சப்குவெரியும் அவுட்டர்ரெஃபும் கொண்டு கடைசி ஒன்றை மட்டும் இணையுங்கள். நேரடி எஸ்கியூஎல் எழுதுகிறவர்கள் லேட்டரல் ஜாயினுக்குள் லிமிட் 1 வைக்கலாம். ஸ்கேன் டேபிளில் (பார்சல்_எண், ஸ்கேன்_நேரம்) மீது இண்டெக்ஸ் இருக்க வேண்டும், இருபது சிறு தேடல்களில் முடிந்துவிடும். 61 போய்வரல்கள் ஒன்றாகும்.

#17 அலைவரிசை

மூன்று நொடிக்கும் ரெடிஸைச் சொல்ல வந்தேன். இந்தக் கணக்கைப் பார்த்தபின் சொல்லவில்லை. எங்கள் செயலியிலும் அழைப்பு எண்ணிக்கையைப் பார்க்கப்போகிறேன்.

#18 பொதிவண்டி

திரை இப்போது தொட்டவுடன் திறக்கிறது. மெமரியை இரட்டிப்பாக்கும் கோரிக்கையை நிர்வாகம் ஒதுக்கி வைத்துவிட்டது.

அடுத்தது தினசரி அறிக்கை. வேர் டேட்(பதிவு_நேரம்) = '2025-01-10' என்று இருக்கிறது. பதிவு_நேரத்தின் மீது இண்டெக்ஸ் உண்டு, ஆனாலும் முழு டேபிளையும் படிக்கிறது. டேட்(பதிவு_நேரம்) மீதே இண்டெக்ஸ் போடலாம் என்றால் தரவுத்தளம் மறுக்கிறது.

#19 கல்வெட்டு

மறுப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. உங்கள் புலம் நேர மண்டலத்தோடு கூடியது. அதிலிருந்து தேதியை எடுத்தால் விடை, இணைப்பின் நேர மண்டலத்தைப் பொறுத்து மாறும். மாறக்கூடிய விடையை இண்டெக்ஸில் எழுதி வைக்க முடியாது. அறிக்கை ஓடும் இணைப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால், அதிகாலை 5:30க்கு முன் பதிவான பார்சல்கள் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்துகொண்டிருக்கின்றன. இது வேகத்தைவிடப் பெரிய விஷயம்.

புலத்தைத் தொடாமல் எல்லையை எழுதுங்கள்: பதிவு_நேரம் >= '2025-01-10 00:00+05:30' அண்ட் பதிவு_நேரம் < '2025-01-11 00:00+05:30'. இருக்கிற இண்டெக்ஸே வேலை செய்யும். பிட்வீன் போட்டு 23:59:59 என்று முடிக்காதீர்கள், கடைசி நொடிக்குள் வரும் பார்சல் விடுபடும்.

#20 எழுத்தாணி

எங்களிடம் வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. 'கொற்றவை' என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. அதனால் பாதிப் பெயரைக் கொண்டு இரு பக்கமும் விழுக்காட்டுக் குறி போட்டு, பெயரின் நடுவில் இருந்தாலும் பிடிக்கும் லைக் தேடல் நடத்துகிறார்கள், அது மிக மெதுவாக இருக்கிறது.

#21 நூலேணி

வேகக் குறைவுக்கு வேர் இங்கே எழுத்தில் இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். க உடன் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக வரலாம், அல்லது எகரக் குறியும் கால் குறியும் இரண்டாகப் பிரிந்து வரலாம். திரையில் வேறுபாடு இல்லை. தரவுத்தளம் பைட்டுகளை ஒப்பிடுவதால் இரண்டும் வேறு பெயர்கள். கோ, கௌ ஆகியவற்றுக்கும் இதே நிலை.

போஸ்ட்கிரெஸ் 13இலிருந்து நார்மலைஸ் என்ற செயற்கூறு உண்டு. இருக்கும் பெயர்களை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். இனி வருபவற்றையும், தேடல் சொல்லையும் அதே வடிவுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள். புலத்தின் மீது, என்எஃப்சி வடிவில் இல்லாததை ஏற்காத கட்டுப்பாடு ஒன்றையும் வையுங்கள், எந்த வழியாக வந்தாலும் தடுக்கும். ஔகாரக் குறிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே தட்டிவிட்டிருந்தால் இது காப்பாற்றாது. அது யூனிகோடின் பார்வையில் வேறு எழுத்து, தனியாகத் தேடித் திருத்த வேண்டும்.

அதன்பின் முழுப்பெயர்த் தேடல் சாதாரண இண்டெக்ஸிலேயே ஓடும். இரு பக்கமும் விழுக்காட்டுக் குறி வைத்த லைக் தேடல்களில் பெரும்பகுதி தேவையற்றுப் போகும்.

#22 பொதிவண்டி

கடைசியாக ஒன்று. ஆண்டு முடிவில் பழைய பார்சல்களைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டு நீக்குகிறோம். ஆயிரம் பதிவுகளை நீக்கவே பல நிமிடங்கள். முதன்மைச் சாவியைக் கொண்டுதான் நீக்குகிறோம், பிளானும் இண்டெக்ஸ் ஸ்கேன் என்றே காட்டுகிறது.

#23 கல்வெட்டு

டெலீட்டை பிகினுக்கும் ரோல்பேக்குக்கும் இடையில் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் செய்து, பிளானுக்குக் கீழே பாருங்கள். டிரிகர் ஃபார் கன்ஸ்ட்ரெயின்ட் என்று தொடங்கும் வரிகள் (டேபிள்களுக்கிடையேயான கட்டுப்பாட்டைச் சரிபார்த்த நேரம்) இருக்கும். நேரம் முழுவதும் அவற்றில் ஒன்றில் இருக்கும் என்று நினைக்கிறேன். பார்சலைச் சுட்டும் டேபிள்களில் ஜாங்கோ உருவாக்காமல் கையால் உருவாக்கியது ஏதாவது உண்டா?

#24 பொதிவண்டி

உண்டு. புகார்கள் டேபிள். வேறு குழு நேரடியாக எஸ்கியூஎல்லில் உருவாக்கியது. நேரம் முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது.

#25 கல்வெட்டு

இன்னொரு டேபிளைச் சுட்டும் அயல் சாவி வைத்தால் ஜாங்கோ தானாக இண்டெக்ஸும் சேர்க்கும், இன்னோடிபியும் சேர்க்கும். போஸ்ட்கிரெஸ் தானாகச் சேர்க்காது. ஒவ்வொரு பார்சலை நீக்கும்போதும் அதைச் சுட்டும் புகார் இருக்கிறதா என்று புகார்கள் டேபிளை முழுவதும் படிக்கிறது, ஆயிரம் பார்சலுக்கு ஆயிரம் முறை. புகார்கள் டேபிளின் பார்சல்_எண் மீது கன்கரன்ட்லி ஒரு இண்டெக்ஸ் உருவாக்குங்கள். முடிந்ததும் அதே ரோல்பேக் சோதனையை மீண்டும் நடத்தி அந்த டிரிகர் வரியின் நேரத்தை இங்கே போடுங்கள். மற்ற குழு கையால் உருவாக்கிய வேறு டேபிள்கள் இருந்தால் அவற்றின் அயல் சாவிகளையும் இதே வேகத்தில் பார்த்துவிடுங்கள்.